உலகமயமாதல் பன்மையை அழிக்கிறதா? சிங்கப்பூரை வைத்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: உலகமயமாதலால் மொழி, பண்பாடு, சமயம் எல்லாம் ஒரே அச்சாகிவிடுமா? இல்லை, பெரிய நகரங்களில் இன்று பல நாட்டு மக்களும் கடைகளும் கோயில்களும் பெருகுவதைப் பார்த்தால், பன்மை கூடுகிறது என்றுதான் சொல்ல வேண்டுமா?

உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டு பேசினால் இரண்டு கட்சிக்கும் வேண்டிய அளவு உதாரணம் கிடைக்கும். அதனால் ஓர் ஊரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சிங்கப்பூர். உலக வணிகம் நின்றால் மறுநாள் சோற்றுக்கு வழியில்லாத ஊர் அது. பத்தாண்டுக்கு ஒரு முறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் "வீட்டில் அதிகம் பேசும் மொழி எது, சமயம் எது" என்று கேட்டு எழுதிவைக்கும் ஊரும்கூட. ஊகத்துக்கு அதிக வேலை இல்லை.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரின் பன்மையை உண்டாக்கியதே உலக வணிகம்தான். 1819-இல் ஆங்கிலேயர் வரியில்லாத் துறைமுகம் திறந்தார்கள். தென்சீனத் துறைமுகங்களிலிருந்து ஹொக்கியன், தியோச்சூ, கன்டோனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் பேசுகிறவர்கள் வந்தார்கள். நாகப்பட்டினம், நாகூர் பக்கமிருந்து மரைக்காயர்களும் கூலிகளும், செட்டிநாட்டிலிருந்து வட்டித்தொழில் செய்தவர்களும் வந்தார்கள். ஜாவா, சுமத்ரா, சுலவேசி, அரபு நாட்டு ஹத்ரமவுத் என்று பட்டியல் நீளும். இன்றும் தெலுக் ஆயர் தெருவில் நடந்தால் ஹொக்கியன் மக்கள் கட்டிய தியான் ஹொக் கெங் கோயில், சோழியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களின் அல் அப்ரார் பள்ளிவாசல், அவர்களே கட்டிய நாகூர் தர்கா மூன்றையும் ஐந்து நிமிட நடையில் பார்த்துவிடலாம். பக்கத்துச் சாலையில் 1827-இல் எழுந்த மாரியம்மன் கோயில்.

இவ்வளவு பேர் ஒட்டி வாழ்ந்தும் யாருக்கும் தன் மொழியை விடவேண்டிய அவசியம் வரவில்லை. காரணம் எளிது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித் தொழில், தனித் தெரு, தனிச் சங்கம், தனிப் பள்ளிக்கூடம், தனிச் சுடுகாடு. தியோச்சூக்காரர் கேம்பியர் (தோல் பதனிட உதவும் செடிச்சாறு), மிளகு வியாபாரம் செய்தார். ஹைனான்காரர் சமையல்கட்டிலும் காப்பிக்கடையிலும் இருந்தார். செட்டியார் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் பெட்டகத்துக்கு முன் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒருவருக்கொருவர் பேசச் சந்தை மலாய் போதுமானதாக இருந்தது. வாங்க, விற்க, பேரம் பேச, திட்ட ஆகும். வீட்டுக்குள் அதற்கு வேலையில்லை. அந்தக் காலத்து உலகமயமாதல் ஆட்களைக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. அவர்கள் ஒரே மாதிரி ஆகவேண்டும் என்று கேட்கவில்லை. (அது ஒன்றும் பொற்காலம் இல்லை. ஹொக்கியன்காரருக்கும் தியோச்சூக்காரருக்கும் 1854-இல் நடந்த கலவரத்தில் சில நூறு பேர் செத்தார்கள்.)

கதை மாறுவது 1960-களின் கடைசியில். 1965-இல் நாடு தனியாகிவிட்டது. 1968 தொடக்கத்தில் பிரிட்டன் தன் படைத்தளங்களைக் காலி செய்யப்போவதாக அறிவித்தது. தளத்தை நம்பியிருந்த பல்லாயிரம் குடும்பங்களின் வருமானம் போகப்போகிறது. அரசு வெளிநாட்டுத் தொழிற்சாலைகளைத் தேடி ஓடியது. அமெரிக்க, ஜப்பானிய நிறுவனத்துக்கு வேண்டியது ஐந்து மொழி பேசும் ஐந்து தெருக்கள் அல்ல. ஒரே அறிவிப்பைப் படித்து, ஒரே நேரத்துக்கு வந்து, ஒரே மாதிரிப் பயிற்சி பெறும் தொழிலாளர்கள்.

இந்தக் கணக்கு சமயத்தையும் தொட்டது. அதைப் பலர் மறந்துவிட்டார்கள். உற்பத்தியைக் கூட்டவேண்டும் என்று 1968-இல் பொது விடுமுறைகளைக் குறைத்தார்கள். அதுவரை தைப்பூசமும் விடுமுறை நாள். தீபாவளியை வைத்துக்கொள்வதா தைப்பூசத்தையா என்ற நிலை வந்தபோது தீபாவளி நின்றது, தைப்பூசம் போயிற்று. முஸ்லிம்கள் நபிகள் பிறந்தநாள் விடுமுறையை இழந்தார்கள், கிறிஸ்தவர்கள் ஈஸ்டர் திங்களை இழந்தார்கள். இன்றும் காவடி எடுக்கிறவர் ஆண்டு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்கு நடக்கிறார். யாரும் சமயத்தைத் தடைசெய்யவில்லை. காலண்டரில் அதற்கு இடம் குறைந்தது, அவ்வளவுதான்.

அடுத்து மொழி. இங்கேதான் அடி பலமாக விழுந்தது. அதுவும் யாரும் எதிர்பார்க்காத இடத்தில்.

பொதுவாக நாம் நினைப்பது, ஆங்கிலம் வந்தது, மற்ற மொழிகளை விழுங்கியது என்று. சிங்கப்பூரில் ஹொக்கியனையும் தியோச்சூவையும் வீழ்த்தியது முதலில் ஆங்கிலம் இல்லை; சீனாவின் பொதுமொழியான மாண்டரின். 1979-இல் பிரதமர் லீ குவான் இயூ "மாண்டரின் பேசுங்கள்" இயக்கத்தைத் தொடங்கினார். பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் மாண்டரினும் படிக்கவேண்டும், வீட்டில் மூன்றாவதாக ஹொக்கியன், தியோச்சூ போன்ற ஒரு கிளைமொழி இருந்தால் மூளைக்குச் சுமை என்பது அவருடைய வாதம். சீனா வேறு கதவைத் திறந்துகொண்டிருந்தது. மாண்டரினுக்குச் சந்தை மதிப்பு ஏறும் என்பதும் கணக்கில் இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ரேடியோவிலும் டிவியிலும் கிளைமொழி நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. ஹாங்காங் தொடர்களுக்கு மாண்டரினில் குரல் கொடுத்து ஒளிபரப்பினார்கள். ரேடியோவில் கன்டோனீஸில் கதை கேட்டே பழகிய பாட்டிகளுக்கு ஒரு நாள் அந்தக் குரல் நின்றுபோயிற்று.

லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைக்கே பெயர் மாற்றினார்கள். ஹொக்கியனிலிருந்து வந்த அந்தப் பெயரை மாண்டரின் ஒலிப்பில் "சுஜியாவ்" என்று பலகையில் எழுதினார்கள். மீன் வாங்க வந்த தமிழருக்கும் மலாய்க்காரருக்கும் அது வாயில் நுழையவில்லை, சீனக் கிழவிகளுக்கும் நுழையவில்லை. எல்லோரும் தேக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2000-இல் பலகையில் தேக்கா திரும்பி வந்தது. ஊர்ப்பெயரை மக்கள் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் வீட்டுக்குள் அந்தப் பிடிவாதம் இல்லை.

1980-இல் சீனக் குடும்பங்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு வீட்டில் கிளைமொழி பேசின. 2010-இல், ஐந்து வயதுக்கு மேற்பட்ட மொத்தக் குடியிருப்பாளர்களில் 14.3 விழுக்காட்டினர்தான் கிளைமொழியை வீட்டின் முதன்மை மொழி என்றார்கள். 2020-இல் 8.7. ஒரே தலைமுறைதான். பாட்டிக்கு மாண்டரின் தெரியாது, பேரனுக்கு ஹொக்கியன் தெரியாது, நடுவில் அம்மா மொழிபெயர்த்துக்கொண்டிருப்பாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் மாண்டரினும் வென்றதை வைத்துக்கொள்ளவில்லை. 2010-இல் 35.6 விழுக்காடாக இருந்தது 2020-இல் 29.9 ஆனது. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3-லிருந்து 48.3-க்குப் போயிற்று. மலாய் 12.2-லிருந்து 9.2. தமிழ் 3.3-லிருந்து 2.5. கிளைமொழியைக் கைவிடப் பழகிய வீட்டுக்கு அடுத்ததைக் கைவிடுவது அவ்வளவு கடினமாக இருப்பதில்லை என்பது என் கருத்து. பிள்ளைக்கு எது லாபம் என்று ஒரு முறை கணக்குப் போட ஆரம்பித்தால், அந்தக் கணக்கில் கடைசியில் ஜெயிப்பது ஆங்கிலம்தான்.

வீடும் மாறியது. 1980-களின் நடுவில் எண்பது விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்டார்கள். 1989-இலிருந்து ஒவ்வொரு பேட்டையிலும் எந்த இனத்தவர் எவ்வளவு பேர் குடியிருக்கலாம் என்று உச்சவரம்பு. இனக்கலவரம் பார்த்த ஊர். அதன் நியாயம் புரிகிறது. ஆனால் ஒரு மொழி பிழைக்க ஒரு தெரு வேண்டும். வாசலில் விளையாடும் பிள்ளைகள் அந்த மொழியில் சண்டை போடவேண்டும். தியோச்சூத் தெரு, கடற்படைத்தளத் தமிழ்க் குடியிருப்பு போன்றவை கலைந்ததும் அந்த மொழிகளுக்கு மாடிவீட்டின் நான்கு சுவர்தான் மிச்சம்.

சரி, தமிழ்? நம்மவர்கள் பலருக்குச் சிங்கப்பூர் என்றாலே டாலர் நோட்டில் தமிழ், விமான நிலையத்தில் தமிழ் என்று ஒரு பெருமிதம். அதில் தப்பில்லை. நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. நாடாளுமன்றத்தில் பேசலாம். 1935 முதல் தமிழ் முரசு வருகிறது. ஒலி 96.8 வானொலி இருக்கிறது, வசந்தம் தொலைக்காட்சி இருக்கிறது, பள்ளியில் தாய்மொழிப் பாடம் கட்டாயம், ஏப்ரலில் தமிழ்மொழி விழா. ஒரு மொழிக்கு அரசு செய்யக்கூடியதில் பெரும்பகுதி செய்யப்பட்டிருக்கிறது. ஹொக்கியனுக்கு இதில் ஒன்றுகூட இல்லை. அப்படியிருந்தும் வீட்டில் தமிழ் குறைகிறது. சரிவு மெதுவாக இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

பாடம் கட்டாயம் என்றேன். தமிழ்வழிக் கல்வி வேறு. கடைசித் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளியான உமறுப் புலவர் பள்ளி 1980-களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. 1987-இலிருந்து எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழி. அதனால் தமிழ் ஒரு "சப்ஜெக்ட்" ஆயிற்று. தொடக்கப்பள்ளியில் படிக்கும் பிள்ளை கட்டுரையில் "இயற்கையன்னையின் எழில்" என்று அழகாக எழுதும். தமிழாசிரியர் வகுப்பைவிட்டு வெளியே போனதும் பக்கத்து நாற்காலித் தோழியிடம் ரப்பர் கேட்பது ஆங்கிலத்தில். இதைக் கவனித்துத்தான் 2005-இல் தமிழ்ப் பாடத்திட்ட ஆய்வுக்குழு, ஏட்டுத்தமிழோடு நிற்காமல் வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுங்கள் என்றது. சரியான நோயறிதல். மருந்து வகுப்பறைக்குள் மட்டும் கிடைத்ததுதான் சிக்கல்.

ஆங்கிலத்தைப் பூதமாகக் காட்டவும் நான் தயாரில்லை. 2020 கணக்கில் வீட்டில் முதன்மையாக ஆங்கிலம் பேசுகிறோம் என்றவர்களில் 87 விழுக்காட்டினர் இரண்டாவதாகத் தங்கள் தாய்மொழி ஒன்றையும் பேசுவதாகச் சொன்னார்கள். மொழி வீட்டைவிட்டுப் போய்விடவில்லை, கூடத்திலிருந்து திண்ணைக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து திரும்ப உள்ளே கூப்பிடலாமா என்பது வேறு கேள்வி.

இந்தக் கணக்கில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலைக்குப் போய்ப் பாருங்கள். முஸ்தபா கடையிலிருந்து தேக்கா வரை நடைபாதையில் கால் வைக்க இடம் இருக்காது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த தொழிலாளர்கள் புல்வெளியில் வட்டம் வட்டமாக உட்கார்ந்து ஊருக்கு வீடியோ அழைப்பு. புதுக்கோட்டைப் பேச்சு, சிவகங்கைப் பேச்சு, பட்டுக்கோட்டைப் பேச்சு தனித்தனியாகக் காதில் விழும். சிங்கப்பூரில் உயிர்ப்போடு ஓடும் தமிழ் எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன். ஆனால் மேலே சொன்ன விழுக்காடுகளில் அவர்களில் ஒருவரும் இல்லை. அது குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் எண்ணிய கணக்கு. வேலை அனுமதியில் வந்தவர் குடும்பத்தை அழைத்துவர முடியாது. பிள்ளையை அங்கே வளர்க்க முடியாது. அதனால் அவருடைய தமிழ் அங்கே யாருக்கும் கைமாறுவதில்லை. விடுதிக்கு வரும், உழைக்கும், திரும்பிப் போகும். இன்றைய உலகமயமாதல் நகரத்துக்குத் தரும் பன்மையில் பெரும்பகுதி இந்த வகைதான். கண்ணுக்கும் காதுக்கும் நிறைவாக இருக்கும், ஆனால் ஒப்பந்த காலத்தோடு முடியும். கேள்வி கேட்டவர் "பன்மை பெருகுகிறதே" என்று சொன்னதற்கு என் பதில் இதுதான்: பெருகுவது எது, அடுத்த தலைமுறைக்குப் போவது எது என்று பிரித்துப் பாருங்கள்.

சமயத்தின் கதை மொழியைப் போல் நேர்க்கோட்டில் போகவில்லை.

சீனர்களின் நாட்டார் வழிபாட்டைக் கணக்கெடுப்பில் தாவோ சமயம் என்று எழுதுவார்கள். 1980-இல் அது 30 விழுக்காடு. 2020-இல் 8.8. அந்த வழிபாடு கிளைமொழியோடு ஒட்டிப் பிறந்தது. ஹொக்கியன் சாமியாடிக்கு ஹொக்கியனில்தான் அருள்வாக்கு வரும், தியோச்சூக் கோயிலில் தியோச்சூக் கூத்துத்தான் நடக்கும். பேரனுக்கு மொழி புரியாதபோது அந்தச் சடங்கு அவனுக்கு வெறும் புகையும் சத்தமும். அவன் என்ன செய்தான்? ஆங்கிலத்தில் பிரசங்கம் கேட்கக் கிடைத்த தேவாலயத்துக்குப் போனான், அல்லது நூல்களும் வகுப்புகளுமாகப் புதுக்கோலம் பூண்ட பௌத்தத்துக்குப் போனான், அல்லது எதுவும் இல்லை என்றான். சமயம் இல்லை என்றவர்கள் 2010-இல் 17, 2020-இல் 20 விழுக்காடு. கிறிஸ்தவர்கள் 18.9. (ஒரு பகுதி வெறும் பெயர் மாற்றம்தான். அதே குவான் யின் அம்மன் படத்தை வைத்துக்கொண்டே "பௌத்தர்" என்று எழுதிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.)

நிலமும் ஒரு காரணம். கம்பங்கள் எனப்பட்ட பழைய கிராமக் குடியிருப்புகளைக் காலி செய்தபோது நூற்றுக்கணக்கான சிறு கோயில்களுக்கு இடம் போயிற்று. தனியாக நிலம் வாங்கக் காசில்லாத மூன்று நான்கு கோயில்கள் சேர்ந்து முப்பதாண்டுக் குத்தகையில் ஒரு மனை எடுத்து, ஒரே கூரையின் கீழ் சாமிகளை வரிசையாக வைத்தன. நம் முனீஸ்வரன், மதுரை வீரன் சந்நிதிகளுக்கும் இதே கதி. ரயில்வே லைன் ஓரத்திலும் ரப்பர்த் தோட்டத்திலும் மரத்தடியில் சூலத்தோடு நின்றவை சில மறைந்தன. தப்பியவை ஆகமக் கோயில்களாகின. ஊரிலிருந்து ஸ்தபதி வந்து கோபுரம் எழுப்பினார், குருக்கள் வந்து குடமுழுக்குச் செய்தார், சுருட்டும் சாராயமும் வெளியே போயின. இந்துக்கள் 2010-இல் 5.1 விழுக்காடு, 2020-இல் 5.0. எண்ணில் பெரிய மாற்றம் இல்லை. உள்ளே இருந்த வகைகளில் மாற்றம் இருக்கிறது, கணக்கெடுப்புக்கு அது தெரியாது. தெலுக் ஆயர் தெரு நாகூர் தர்கா 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம். கட்டடம் முன்பைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் நேர்ச்சை வைக்கப் போன இடத்துக்கு இப்போது பார்க்கப் போகிறோம்.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கிறது. வாட்டர்லூ தெருவில் குவான் யின் கோயிலும் கிருஷ்ணன் கோயிலும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. குவான் யினைக் கும்பிட்டுவிட்டு வரும் சீன அம்மாக்கள் அப்படியே கிருஷ்ணன் கோயில் வாசலில் நின்று, நீளமான ஊதுபத்தியை இரண்டு கையாலும் நெற்றிக்கு உயர்த்தி, மூன்று முறை ஆட்டி, ஊதுபத்தி கலசத்தில் செருகிவிட்டுப் போவார்கள். யாரும் அவர்களை யார் என்று கேட்பதில்லை. இவர்கள் பதிவேட்டில் பௌத்தர். தைப்பூசத்தில் அலகு குத்திக்கொள்ளும் சீனரையும் பார்த்திருப்பீர்கள். அடையாள அட்டை பிரித்து வைத்ததைக் கும்பிடும் கை பிரிப்பதில்லை.

மொழி போனால் சமயமும் போய்விடும் என்று சிலர் பயப்படுவதுண்டு. அதற்கு மலேசியாவின் மலாக்காச் செட்டிகளைப் பார்க்க வேண்டும். மலாக்கா சுல்தான்கள் காலத்தில், அதாவது போர்ச்சுக்கீசியர் 1511-இல் வருவதற்கு முன்பே, வியாபாரத்துக்கு வந்து அங்கேயே மணம் செய்துகொண்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள். தமிழ் எப்போதோ போய்விட்டது. வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் உடுப்பது கெபாயா. ஆனால் சைவம் அப்படியே இருக்கிறது. அவர்கள் 1781-இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் இருக்கிறது. போகியன்று முன்னோருக்கு வாழையிலை போட்டுப் படைக்கிறார்கள். இலையில் நாசி லெமாக்கும் சம்பாலும் இருக்கும். அதைத் தமிழ்ப் பண்பாட்டின் சிதைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது ஒரு புதுப் பண்பாடு. ஆனால் அது உருவாக நூற்றாண்டுகள் கிடைத்தன. எதை விடலாம், எதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று அவர்களே மெல்ல முடிவுசெய்தார்கள். ஹொக்கியன் வீடுகளுக்குக் கிடைத்தது முப்பது வருடம். அந்த அவகாசத்தில் கலப்பு நடக்காது, மாற்றீடுதான் நடக்கும்.

ஒரே விதிவிலக்கு சிங்கிலிஷ். ஹொக்கியன், மலாய் இரண்டின் வாக்கிய அமைப்பில் ஆங்கிலச் சொற்களைப் போட்டு, இறுதியில் ஒரு "லா" வைத்துப் பேசுவது. இது யாரும் திட்டமிடாமல் முளைத்தது. 2000-இல் "நல்ல ஆங்கிலம் பேசுங்கள்" என்று அதற்கு எதிராகவும் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். சிங்கிலிஷ் பெரிதாக அசையவில்லை.

உணவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உலகமயமாதலில் சேதமில்லாமல் தப்பிப்பது எப்போதும் அதுதான். 2020 டிசம்பரில் உணவங்காடிப் பண்பாடு யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. நாக்கில் ருசியாகத் தங்கினால் போதும், பேச வேண்டியதில்லை. அதனால்தான் அதைக் காப்பாற்றுவது சுலபம். அதை வைத்து ஊரின் பன்மையை அளக்கக்கூடாது என்பதும் அதனால்தான்.

தமிழுக்கு இனி என்ன என்றால், 1990-களிலிருந்து கணினி வேலைக்கு வந்து நிரந்தரவாசியான தமிழ்நாட்டுக் குடும்பங்களைத்தான் நான் கவனிப்பேன். இவர்கள் கணக்கில் வருகிறவர்கள். பிள்ளைகள் அங்கேயே வளர்கிறார்கள். வீட்டுத் தமிழுக்கு இவர்கள் ஊற்றிய தண்ணீர் இல்லையென்றால் அந்த 2.5 இன்னும் கீழே இருந்திருக்கும். ஆனால் சென்னையிலேயே பிள்ளையிடம் ஆங்கிலத்தில் பேசிப் பழகிவிட்டு வருகிறவர்கள் இப்போது கூடிவருகிறார்கள். அந்தக் கணக்கு விமானம் ஏறுவதற்கு முன்பே போடப்பட்டுவிடுகிறது. அடுத்த கணக்கெடுப்பு 2030-இல் வரவேண்டும். அதில் மொத்த விழுக்காட்டை விட்டுவிட்டு, ஐந்திலிருந்து பதினான்கு வயது வரை உள்ள இந்தியப் பிள்ளைகளின் வரிசையை மட்டும் எடுத்துப் பாருங்கள்.